ஒண்ணுமில்லக்கா

எங்கள் ஆஸ்பத்திரியில் எல்லோரும் அவளை ஒண்ணுமில்லக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பெயரை வைத்தது நான்தான் என்று ஒரு பேச்சு உண்டு. நான் வைக்கவில்லை. வைத்தவர் யாராக இருந்தாலும் கெட்டிக்காரர்.

புற்றுநோய்ப் பிரிவில் டாக்டர் அறைக்கு வெளியே ஒரு நீல நாற்காலி கிடக்கும். அதுதான் அக்காவின் இடம். டோக்கன் எண்ணைக் கூப்பிட வேண்டும், நடக்க முடியாதவர்களுக்குச் சக்கர நாற்காலி தள்ள வேண்டும், எழுத்தில் இருந்த வேலை இவ்வளவுதான். உண்மையான வேலை வேறு. நோயாளி உள்ளே சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருக்கும்போதே மகனோ மருமகளோ வெளியே வந்து அவள் காதருகே குனிவார்கள். "அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்கக்கா. தாங்க மாட்டாரு." அக்கா தலையை ஆட்டுவாள். நோயாளி வெளியே வந்ததும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஆரம்பிப்பாள். "ஒண்ணுமில்லப்பா. வயித்துல புண்ணுதான். மருந்து சாப்பிட்டா ஆறிடும்." கட்டி என்றால் கரைந்துவிடும், ரத்தம் என்றால் ஊறிவிடும். டாக்டர்களுக்கும் இது வசதியாகத்தான் இருந்தது. கெட்ட செய்தி சொல்ல வேண்டிய நேரத்தில் அவர்கள் கடிகாரத்தைப் பார்ப்பார்கள், பிறகு அக்காவைப் பார்ப்பார்கள்.

அதே வராந்தாவின் மறு முனையில் மருந்து கொடுக்கும் ஜன்னல். நான் அதற்குப் பின்னால் இருப்பவள். அக்கா சொன்ன பொய்யெல்லாம் நடந்து என்னிடம்தான் வந்து சேரும். "இந்த மாத்திரை எதுக்கும்மா?" என்று ஒவ்வொருவரும் கேட்பார்கள். நான் அவர்களுக்குப் பின்னால் நிற்கிற மகனைப் பார்ப்பேன். மகன் கண்ணாலேயே கும்பிடுவான். "சத்து மாத்திரை" என்று முனகிவிட்டு, மதியம் தேநீர் நேரத்தில் அக்காவைப் பிடித்துக் காய்ச்சுவேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். என்னைவிட அவள் பல வயது மூத்தவள், ஆனாலும் சண்டை போட்டே எங்களுக்குள் மரியாதையெல்லாம் தேய்ந்துவிட்டிருந்தது.

ஒரு பள்ளிக்கூடக் காவலாளி வந்துகொண்டிருந்தார். அக்கா அவருக்குப் புண் என்று சொல்லியிருந்தாள். புண் ஆறிவிடும் என்று நம்பி அந்த மனிதர் வீட்டு மாடியில் ஓர் அறை கட்டுவதற்குச் செங்கல் இறக்கினார். ஜன்னலில் நின்று எனக்கு அறையின் நீள அகலமெல்லாம் சொன்னார். செங்கல் அப்படியே வாசலில் கிடக்க, அவரை அந்தச் செங்கல்லைச் சுற்றிக்கொண்டுதான் தூக்கிப் போனார்கள்.

"தெரிஞ்சிருந்தா அந்த நாளையெல்லாம் பொண்டாட்டி பக்கத்துல உட்கார்ந்து கழிச்சிருப்பாரே, மேஸ்திரி பின்னாடி அலைஞ்சிருப்பாரா?" என்று நான் அக்காவிடம் கத்தினேன்.

"தெரிஞ்சிருந்தா அன்னிக்கே சாப்பாட்டை நிறுத்தியிருப்பாரு. செங்கல் வாங்குற சந்தோஷமாவது கெடைச்சுதே" என்றாள் அக்கா. தன் ரொட்டியில் பாதியைப் பிய்த்து என் பக்கம் தள்ளினாள். சண்டையில் அவள் தோற்கிற நேரமெல்லாம் எனக்கு ரொட்டி கிடைக்கும்.

அவள் கெட்டவள் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புருஷன் சின்ன வயதிலேயே போய்விட்டான். பிள்ளை இல்லை. இருந்தது ஒரே தங்கச்சி. அவளும் கட்டிக்கொண்டவனை ஒரு வருஷத்தில் விட்டுவிட்டுப் பெட்டியோடு அக்கா வீட்டுக்கு வந்தவள். இரண்டு பேரும் ஒரு கட்டிடத்தின் மேல் மாடியில் இரண்டு அறை வைத்துக்கொண்டு, யார் குளிக்கத் தண்ணீர் சுட வைப்பது என்று தினமும் சண்டை போட்டுக்கொண்டு, ஒரே போர்வைக்குள் தூங்கினார்கள்.

தங்கச்சிக்குப் பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கி வேலை. எந்த வண்டி எந்த நடைமேடை, எது தாமதம், எது ரத்து, எல்லாம் அவள் குரலில்தான் ஊருக்குத் தெரியும். அந்தக் குரலில் மழையும் ஏறாது வெயிலும் ஏறாது. பிள்ளையைத் தொலைத்தவள் பக்கத்தில் நின்று அலறினாலும், "சிவப்புச் சட்டை போட்ட குழந்தை ஒன்று அலுவலகத்தில் உள்ளது" என்று வண்டி நேரம் சொல்வது போலவே சொல்வாள். அப்படிச் சொன்னால்தான் கூட்டம் பதறாமல் இருக்கும் என்பாள். வெளியே வந்தால் ஆளே வேறு. நக்கல், கிண்டல், யாரையும் விடமாட்டாள். என்னை மருந்தக்கா என்பாள். அக்காவைப் பார்த்து, "எங்க வீட்டுல ரெண்டு பேருக்கும் ஒரே வேலைதான். ரெண்டு பேரும் அறிவிப்பாளர். நான் வண்டி வரும்பேன், அவ வியாதி போகும்பா. ரெண்டுமே நம்ம கையில இல்ல" என்று சிரிப்பாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் புதுச் சட்டம் வந்தது.

மாநில சட்டமன்றத்தில் என்ன பேசினார்களோ, எங்களுக்கு வந்தது சுவரில் ஒட்டிய ஒரு தாள். நோய் என்ன என்பதை முதலில் நோயாளிக்குத்தான் சொல்ல வேண்டும். அவர் யாரைக் காட்டுகிறாரோ அவருக்கு மட்டும் அடுத்து சொல்லலாம். அவர் வேண்டாம் என்றால் பெற்ற தாய்க்கும் சொல்லக் கூடாது. மீறினால் வேலை போகும். இன்னொன்றும் இருந்தது. நோயாளியிடம் நோயைப் பற்றிப் பேசுகிற எவரும் அதற்கென்று உள்ள பயிற்சியை முடித்து, பேட்ஜ் வாங்கியிருக்க வேண்டும்.

எனக்கு ஒரே கொண்டாட்டம். தாளை அக்காவுக்கு ஏற்ற இறக்கத்தோடு படித்துக் காட்டினேன். அவள் முகம் சுருங்கியது. மேலாளர் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: பேட்ஜ் வாங்கினால் நாற்காலி, வாங்காவிட்டால் கீழ்த்தளத்தில் படுக்கை விரிப்பு அறை. அங்கே துவைத்து வரும் விரிப்புகளை மடித்து அடுக்க வேண்டும். பேச ஆளே கிடையாது. பயிற்சியோ தூரத்து ஊரில், விடுதியில் தங்கி மூன்று மாதம்.

"நான் போகமாட்டேன். பத்தாங்கிளாஸோட புஸ்தகத்தை மூடினவ. இவங்க சட்டம் போட்டா நான் பென்சில் சீவணுமா?" என்றாள் அக்கா. ஆனால் விரிப்பு அறையை ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டு வந்து, விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டாள்.

அவள் கிளம்புவதற்குக் கொஞ்ச நாள் முன்பு தங்கச்சிக்கு வயிற்று வலி. முன்பே இருந்திருக்கிறது, சொல்லாமல் இருந்திருக்கிறாள். சாப்பிட்டது வயிற்றில் தங்காமல் போன பிறகுதான் அக்கா அவளைத் தரதரவென்று இழுத்து வந்தாள். பொதுப் பிரிவில் வயிற்று டாக்டர், இளைஞர், உள்ளே குழாய் விட்டுப் பார்த்துச் சதை எடுத்து அனுப்பினார். முடிவு வந்த அன்று இரண்டு பேரும் அவர் அறைக்குள் போனார்கள். நான் சிரிஞ்சுப் பெட்டி வாங்க அந்தப் பக்கம் போயிருந்தேன். கதவில் நின்று டாக்டர் சொன்னது கேட்டது.

"நீங்க கொஞ்சம் வெளிய இருங்கக்கா. முதல்ல இவங்ககிட்டதான் பேசணும். சட்டம்."

"என் தங்கச்சிப்பா அது!"

"தெரியும்கா."

கதவு மூடியது. எத்தனையோ பேரை வெளியே நிறுத்தி வைத்தவள் அன்றைக்குத் தானே வெளியே நின்றாள். என்னைப் பார்த்ததும், "பாத்தியா ஒன் சட்டத்தை" என்று முறைத்தாள். நான் சிரித்தேன். அப்போது சிரிக்கிற விஷயமாகத்தான் இருந்தது.

தங்கச்சி வெளியே வந்தாள். அக்கா ஓடிப் போய் எதிரே நின்றாள்.

"ஒண்ணுமில்ல. வயித்துல புண்ணாம். மருந்து சாப்பிட்டா ஆறிடுமாம்."

அறிவிப்புக் குரல். அதே சொற்கள், அதே வரிசை. அக்கா ஊரெல்லாம் சொல்லித் தேய்த்த பொய்யை அவளிடமே திருப்பிச் சொன்னாள். ஒண்ணுமில்லக்காவோ இரண்டு கையையும் நெஞ்சில் வைத்து மூச்சு விட்டாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள், "நேரத்துக்குச் சாப்பிடுன்னா கேக்குறியா நீ" என்று அவள் முதுகில் ஒன்று வைத்தாள். நம்பிவிட்டாள். பொய் சொல்லிப் பழகியவளுக்குத் தன் பொய் அடையாளம் தெரியாதா என்று நீங்கள் கேட்கலாம். நானும் ரொம்ப நாள் கேட்டுக்கொண்டேன். தெரியாமல் இல்லை. அந்தச் சொற்களைக் கேட்க அவளுக்கு அவ்வளவு ஆசை.

என் ஜன்னலுக்கு வந்தார்கள். நான் சீட்டைப் பார்த்து அலமாரியைத் திறந்தேன். அதில் ஒரு மாத்திரை கடும் வலிக்கென்று பூட்டி வைக்கிற மாத்திரை. புண்ணுக்கு யாரும் அதைக் கொடுப்பதில்லை. நிமிர்ந்தேன். அக்கா யாரிடமோ தங்கச்சியின் புண்ணைப் பற்றிச் சிரித்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். தங்கச்சி கம்பி வழியாக என் கண்ணையே பார்த்தாள். நான் மருந்தைக் கட்டிக் கொடுத்தேன்.

மறுநாள் தனியாக வந்தாள்.

"மருந்தக்கா, முகத்தை இப்படி வெச்சுக்கிட்டீங்கன்னா நீங்களே காட்டிக் குடுத்துருவீங்க."

"அவகிட்ட சொல்லுடி."

"சொன்னா போகமாட்டா. போகலன்னா கீழ்த்தளத்துல விரிப்பு மடிக்கணும். என்னையும் அனுப்பிட்டு, பேச ஆள் இல்லாத அறையில அவ என்ன ஆவா? அவளுக்கு அந்த நாற்காலி வேணும். படிச்சு முடிச்சிட்டு வரட்டும். நானே சொல்றேன்."

"நான் சொல்லிடுவேன்."

"முடியாது" என்றாள். சிரித்தாள் கூட. "யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு டாக்டர்கிட்ட சொல்லிட்டேன். அந்தத் தாளை நீங்கதானே ஏத்த இறக்கத்தோட படிச்சுக் காட்டினீங்க? அக்கா வீட்ல வந்து அதே மாதிரி நடிச்சுக் காட்டினா."

அப்படி என் வாயை என் சட்டத்தாலேயே கட்டினாள். அதுவரைக்கும் அந்தச் சட்டம் எனக்குத் தங்கம். இப்போதும் அது சரியான சட்டம்தான் என்பேன். உயிர் அவளுடையது, செய்தி அவளுடையது, யாருக்குச் சொல்ல வேண்டும் என்பதும் அவளுடையது. ஆனால் சரியான ஒன்றைச் செய்துவிட்டு இவ்வளவு வயிறெரிந்தது எனக்கு அதுதான் முதல் தடவை.

அக்கா கிளம்பினாள். போகிற அன்று என் ஜன்னலில் வந்து, "அவ மாத்திரையை ஒழுங்கா போடுறாளான்னு பாத்துக்கோ. சோம்பேறி" என்றாள். பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

அக்கா போன பிறகு தங்கச்சியை எங்கள் பிரிவுக்கு மாற்றினார்கள். பகலில் வந்து மருந்து ஏற்றிக்கொண்டு சாயங்காலம் போவாள். வார்டில் அத்தனை பேருக்கும் அவள் யார் என்று தெரியும். ஒருத்தரும் அக்காவுக்குப் போன் போடவில்லை. நீல நாற்காலி காலியாகக் கிடந்தது. அதில் உட்காராதே என்று யாரும் சொல்லவில்லை, யாரும் உட்காரவும் இல்லை.

மருந்து ஏறி முடிந்ததும் தங்கச்சி என் ஜன்னலை ஒட்டின பெஞ்சில் வந்து சாய்வாள். அந்த நேரத்துக்கு அங்கே அக்காவுக்குத் தேநீர் இடைவேளை. போன் அடிக்கும். ஊசி குத்தின கையில் பிளாஸ்திரி இருந்ததால் போனை மடியில் வைத்து, சத்தமாகப் பேசவிடுவாள். வகுப்பில் அக்கா படுகிற பாட்டைக் கேட்டு நாங்கள் இரண்டு பேரும் சிரிப்போம். கெட்ட செய்தி சொல்லிப் பழகும்போதெல்லாம் அக்காவின் வாயிலிருந்து "ஒண்ணுமில்ல" தானாக வந்து விழுமாம். விழுந்தவுடனே வகுப்பே மேஜையைத் தட்ட வேண்டும் என்று டீச்சர் சட்டம் போட்டிருந்தாளாம். "கை வலிக்குதுன்னு எல்லாரும் என்னைத் திட்டுறாங்கடி" என்றாள் அக்கா.

ஒரு நாள் போனிலேயே ஆரம்பித்தாள்.

"நாளைக்கு நான் எல்லார் முன்னாடியும் செஞ்சு காட்டணும். நீ நோயாளியா இரு. பழகிக்கிறேன்."

தங்கச்சி என்னைப் பார்த்தாள். நான் கையால் வேண்டாம் என்றேன்.

"சரி" என்றாள் அவள்.

"நான் வந்து உட்கார்றேன். நிக்கக் கூடாதாம், அவங்க கண்ணுக்கு நேரா உட்காரணுமாம். உட்கார்ந்துட்டேன்."

"உட்காருங்க, உட்காருங்க. டீ குடிக்கிறீங்களா?"

"நோயாளி எவளாவது டீ குடுப்பாளா? ஒழுங்கா நடிடி. ம்... உங்க உடம்பைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?"

"வயித்துல புண்ணுன்னு வீட்ல பேசிக்கிறாங்க."

அந்தப் பக்கம் அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். "நம்ம ஜனங்க மாதிரியே சொல்றடி! சரி. எவ்வளவு தெரிஞ்சுக்கணும்னு நினைக்கிறீங்க?"

வராந்தாவில் சக்கர நாற்காலி ஒன்று கிறீச்சிட்டுக்கொண்டு போனது. தங்கச்சி அது போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாத்தையும்."

"இது புண்ணு இல்லைங்க. புற்றுநோய்." அக்காவின் குரல் மாறியிருந்தது. நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக. உண்மையிலேயே கற்றுக்கொண்டிருந்தாள். "வயித்துல ஆரம்பிச்சு ஈரலுக்கும் போயிருக்கு. இதைச் சொல்றது எனக்கும் கஷ்டமாதான் இருக்கு. இப்ப நான் சும்மா இருக்கணும். நீ எதாவது கேளு."

"குணமாகுமா?"

தாள் புரளும் சத்தம். "முழுசா குணமாகாதுங்க. கொஞ்ச காலம் தள்ளிப் போடலாம்."

"வலிக்குமா?"

"வலியைக் குறைக்க மருந்து இருக்கு. எது வந்தாலும் நாங்க கூடவே இருப்போம். கடைசி வரைக்கும்."

"அது போதும்" என்றாள் தங்கச்சி.

மறுபடி தாள் புரண்டது. "அடுத்தது... வீட்ல யாருக்குச் சொல்லட்டும்?"

"எனக்கு ஒரு அக்கா இருக்கா. அவளுக்கு மட்டும் இப்ப வேணாம். ஒரு வேலையா வெளியூர் போயிருக்கா. முடிச்சிட்டு வரட்டும்."

"ஏய்! இதையெல்லாம் எங்கேருந்துடி புடிக்கிற? டீச்சர் கேட்டாங்கன்னா பேட்ஜை ஒனக்குதான் மாட்டுவாங்க!"

இடைவேளை மணி அடித்தது. அக்கா வைத்துவிட்டாள். நான் எண்ணிக்கொண்டிருந்த மாத்திரைகளை அப்படியே கொட்டிவிட்டு, ஜன்னலுக்குக் கீழே குனிந்து அழுதேன். தங்கச்சி அழவில்லை. போனைத் துடைத்துப் பைக்குள் போட்டாள்.

"அந்த டாக்டர் தம்பி சொன்னப்போ எனக்குக் காதுலயே ஏறல மருந்தக்கா. அவரு வாய் அசைஞ்சுது, அவ்வளவுதான். இப்ப அவ சொல்லித்தான் உள்ள போச்சு. நல்லா சொல்றா இல்ல?"

"இப்பவே கூப்பிட்டுச் சொல்லு. வந்துருவா."

"பரீட்சை முடியட்டும்."

நடுவில் ஒரு தடவை அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. இரண்டு நாள் லீவு சேர்ந்து வந்தது, கிளம்பி வருகிறேன் என்றாள். அதற்குள் தங்கச்சி பாதியாகிவிட்டிருந்தாள். தலையில் துணி கட்டியிருந்தாள். பார்த்தால் மறைக்க முடியாது. போனிலேயே, "அந்தத் தடத்துல பாலம் வேலை நடக்குதுக்கா. வண்டி எல்லாம் ரத்து. நானே காலையில இருந்து அறிவிச்சுக்கிட்டு இருக்கேன்" என்றாள். வேலைக்கே போகாமல் வீட்டில் படுத்துக்கொண்டுதான் சொன்னாள். வண்டி ரத்து என்று தங்கச்சியே சொல்லும்போது அக்கா வேறு யாரைக் கேட்பாள்? நம்பினாள். அந்த இரண்டு நாளும் விடுதியில் உட்கார்ந்து பாடம் படித்திருக்கிறாள். எனக்கு அந்த இரண்டு நாளை நினைத்தால்தான் இன்றைக்கும் ஆறவில்லை. பேருந்து நிலையத்தில் வண்டிகள் பாதி காலியாகப் போய்க்கொண்டிருந்தன.

அக்கா பரீட்சையில் தேறினாள். வந்த அன்று நேராக வீட்டுக்குப் போயிருக்கிறாள். பூட்டு. பெட்டியோடு ஆஸ்பத்திரிக்கு வந்தாள். சட்டையில் பேட்ஜ் குத்தியிருந்தது, சின்னதாக, பச்சை நிறத்தில். என் ஜன்னலில் வந்து நெஞ்சை நிமிர்த்திக் காட்டினாள்.

"பாத்தியா? இனிமே எங்கிட்ட வாயைக் குடுக்காத. ஆமா, இவ எங்க? போனையும் எடுக்கல, வீட்லயும் இல்ல."

தங்கச்சி எனக்குச் சொல்லிவைத்தது ஒரே ஒரு வரிதான். அதைச் சொன்னேன். "மேல வார்டுல இருக்காக்கா. உங்களுக்காகத்தான் காத்திருக்கா."

"வார்டுலயா? புண்ணு பெருசாயிடுச்சா?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள். எத்தனையோ மகன்களின் முகத்தை, மருமகள்களின் முகத்தைப் பார்த்தவள் அவள். பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு மாடிப்படி ஏறினாள். நான் ஜன்னலைச் சாத்திவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன்.

தங்கச்சி கட்டிலில் சாய்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு நாற்காலியை, தன் கண்ணுக்கு நேராக இருக்கும்படி, யாரையோ கேட்டுப் போட்டு வைத்திருந்தாள். அக்கா கதவிலேயே நின்றுவிட்டாள்.

"உட்காருக்கா."

"என்னடி இது? தலைக்கு என்ன?"

"உட்காரு, சொல்றேன். என் உடம்பைப் பத்தி உனக்கு என்ன தெரியும்?"

"வெளையாடாத."

"வெளையாடல. என்ன தெரியும்?"

அக்கா உட்கார்ந்தாள். தொங்குகிற மருந்துப் பையைப் பார்த்தாள். அந்தப் பையின் நிறத்தைப் பார்த்தே எந்த மருந்து என்று சொல்லிவிடுகிற அளவுக்கு அந்த வார்டில் இருந்தவள். "வயித்துல புண்ணு" என்றாள்.

"எவ்வளவு தெரிஞ்சுக்கணும்னு நினைக்கிற?"

அக்கா அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். பேட்ஜ் கட்டில் கம்பியில் இடித்துக்கொண்டே இருந்தது. "ஒண்ணுமில்லன்னு சொல்லுடி. ஒரே ஒரு தடவ சொல்லு. நான் நம்பிக்கிறேன்."

"இத்தனை நாளா அதைத்தானே சொல்லிக்கிட்டு இருந்தேன். எனக்கு அலுத்துப் போச்சுக்கா."

அக்கா மெத்தையைக் கையால் அடி அடியென்று அடித்தாள். "படுபாவி, ஊரையே ஏமாத்தினவ நான், என்னை உக்கார வெச்சு ஏமாத்திட்டியேடி" என்று கத்தினாள். நர்ஸ்கள் ஓடி வந்து கதவிலேயே நின்றார்கள். தங்கச்சி அவள் தலையைத் தன் தோளில் இழுத்துப் போட்டுக்கொண்டு, அறிவிப்புக் குரலில் இல்லாமல், சாதாரணமாக, எல்லாவற்றையும் சொன்னாள். நான் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு அவர்களுக்குக் கிடைத்தது கொஞ்ச நாள்தான். அக்கா அந்தக் கட்டிலை விட்டு நகரவில்லை. யார் தண்ணீர் சுட வைப்பது என்ற சண்டை வார்டிலும் நடந்தது, மற்ற நோயாளிகள் சிரித்தார்கள். நடுவில் ஒரு நாள் இறங்கி வந்து அந்த இளம் டாக்டரை வராந்தாவில் நிறுத்தி, "எங்கிட்ட ஏன்யா சொல்லல?" என்று கேட்டாள். அவர் தலை குனிந்து நின்றார். என்னிடம் அதைக்கூடக் கேட்கவில்லை. என் ஜன்னலைத் தாண்டும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். தங்கச்சியை எடுத்துப் போன அன்றும் என்னோடு பேசவில்லை.

பிறகு வேலைக்கு வந்தாள். நீல நாற்காலியில் உட்கார்ந்தாள். யாரும் அவளை இப்போது அந்தப் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. வெறும் அக்காதான். மகன்கள் வந்து காதருகே குனிந்தால், "அவரைக் கேப்போம்பா. அவரு வேணாம்னா சொல்லமாட்டோம்" என்கிறாள். நோயாளியின் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நிதானமாக, ஒவ்வொரு சொல்லாகச் சொல்கிறாள். அவளைப் போல யாருக்கும் வரவில்லை என்று மேலாளரே சொல்கிறார். ஒன்றை மட்டும் நான் கவனித்தேன். எல்லாம் சொல்வாள், கூடவே இருப்போம் என்று மட்டும் அவள் யாரிடமும் சொல்வதில்லை.

போன வாரம் தேநீர் நேரத்தில் என் ஜன்னல் பக்கம் வந்தாள். தங்கச்சி சாய்ந்திருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். ரொட்டியைப் பிய்த்துப் பாதியைக் கம்பி வழியாக நீட்டினாள். நான் வெளியே போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். ரொம்ப நேரம் இரண்டு பேரும் மென்றுகொண்டிருந்தோம்.

"அன்னிக்கு நான் போன்ல பழகினப்போ நீ இங்கதானே இருந்த?"

"ஆமாக்கா."

"வலிக்குமான்னு கேட்டா. நான் பாடத்துல இருந்ததைச் சொன்னேன். கூடவே இருப்போம், கடைசி வரைக்கும்னு. அவ என்ன சொன்னா?"

"அது போதும்னு சொன்னா."

"நான் என்ன பண்ணேன்?"

எனக்குத் தெரியும். அந்தத் தாள் புரண்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

"அடுத்த கேள்வி என்னன்னு பக்கத்தைத் திருப்பினேன்" என்றாள் அக்கா.

ஜன்னலுக்கு முன்னால் வரிசை நீண்டு, மருந்து கொடுக்க ஆள் இல்லையா என்று கத்த ஆரம்பித்தார்கள். நான் எழுந்திருக்கவில்லை.